பாராம் காட்டுப் பாதையில் எங்களோடு வந்தவர்களுக்கு

அன்புள்ள அக்கா தங்கைகளுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும்,

இந்த மாதக் கடைசியோடு, போர்னியோ தீவில் உள்ள மலேசிய மாநிலமான சரவாக்கில் என் தாதி வேலை முடிகிறது. தீபகற்ப மலேசியாவுக்குத் திரும்புகிறேன். கிளம்புவதற்கு முன் உங்களுக்கெல்லாம் நன்றி சொல்லியாக வேண்டும். துணியும் காசும் கொடுத்த பலர் சரவாக்கின் பாராம் ஆற்றைக் கண்ணால் கூடப் பார்த்ததில்லை. நீங்கள் கொடுத்தது எங்கே போய்ச் சேர்ந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் இல்லையா?

முதல் நன்றி, நான் நேரில் பார்த்திராத சில பெனான் பழங்குடிப் பெண்களுக்கு. 2008-இல் அவர்கள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நாங்கள் யாரும் அந்தப் பக்கம் போயே இருக்க மாட்டோம். பாராம் காட்டில் மரம் வெட்டும் கம்பெனிகளின் ஆட்கள் பெண்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்குகிறார்கள் என்று அந்த ஆண்டு செப்டம்பரில் அவர்கள் சொன்னது வெளியே வந்தது. நம்ப மறுத்தவர்கள் நிறைய. பெண்கள் விவகார அமைச்சின் கீழ் ஒரு குழு போய் விசாரித்தது. அறிக்கை அதே ஆண்டு நவம்பரில் தயாராகிவிட்டது, ஆனால் 2009 செப்டம்பரில்தான் மக்கள் கண்ணில் பட்டது. பெண்கள் சொன்னது உண்மை என்று அந்த அறிக்கையும் சொன்னது. முகத்தை மறைத்துக்கொண்டுதான் பேசினார்கள். பேசிய பிறகும் அதே ஊரில், அதே சாலையோரத்தில்தான் வாழ வேண்டியிருந்தது. அந்தத் துணிச்சலுக்கு என்ன கைம்மாறு செய்ய முடியும்?

அந்தக் கதையில் என்னை விடாமல் துரத்திய விஷயம் வண்டி. இடைநிலைப் பள்ளி என்றால் விடுதியில் தங்கித்தான் படிக்க வேண்டும். ஊருக்கும் பள்ளிக்கும் நடுவே மணிக்கணக்கான மண் சாலை, அதுவும் கம்பெனி போட்ட சாலை. பேருந்து கிடையாது. பிள்ளைகள் பள்ளிக்குப் போகவும் விடுமுறைக்கு வீடு திரும்பவும் கம்பெனி வண்டியைத்தான் நம்பியிருந்தார்கள். வண்டி யார் கையில் இருந்ததோ அவர்கள் கையில்தான் பிள்ளைகளும் இருந்தார்கள். சில பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளியை விட்டே நிறுத்திவிட்டார்கள். எனக்கு மொழிபெயர்த்த தங்கச்சியின் அக்காவும் அப்படி நிறுத்தப்பட்டவர்தான்.

அதனால் இரண்டாவது நன்றி சரவாக்கின் கென்யா பழங்குடியைச் சேர்ந்த வண்டிக்கார அண்ணனுக்கும் அவர் மனைவிக்கும். பழைய ஹைலக்ஸ் வண்டி. டீசலுக்கு நீங்கள் கொடுத்த காசைத் தவிர ஒரு ரிங்கிட் கூட அவர் கூடுதலாக வாங்கியதில்லை. முதல் நாளே ஒன்று சொன்னார்: "பெண்பிள்ளைகளை ஏற்றுவதானால் என் மனைவியும் வருவாள். அவள் வராத நாளில் வண்டி கிளம்பாது." நாங்கள் கேட்டு அவர் சொல்லவில்லை. அந்த அம்மா தன் மிளகுத் தோட்டத்தையும் கோழிகளையும் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு, நான் இங்கே இருந்த காலம் முழுக்கப் பின் இருக்கையில் உட்கார்ந்து வந்தார்.

ஒரு ராத்திரியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். யார், எந்த ஊர், எந்த வருஷம் என்பதெல்லாம் வேண்டாம். ஒரு பெண்ணுக்குக் கொடுமை நடந்துவிட்டது. மொழிபெயர்க்கும் தங்கச்சி குன்றின் மேல் ஏறி, ஒரு கோடு சிக்னல் கிடைக்கும் இடத்தில் நின்று எனக்கு அழைத்தாள். "அக்கா, குளிக்க வேண்டாம்னு சொல்லிட்டேன். போட்டிருந்த துணியைக் காகிதப் பையில வச்சிருக்கேன், பிளாஸ்டிக்ல வைக்கல" என்றாள். மூச்சு வாங்கியது, ஆனால் குரல் தடுமாறவில்லை. தடயம் அழியாமல் இருக்க இதையெல்லாம் ஒரே ஒரு தடவைதான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

அண்ணன் அப்போதுதான் மிரி நகரத்திலிருந்து வீடு திரும்பிச் சாப்பிட உட்கார்ந்திருந்தார். தட்டை மூடி வைத்துவிட்டுக் கிளம்பினார். மழை. மரப்பாலங்களில் இறங்கி, டார்ச் அடித்துப் பலகைகளைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியைக் கடத்தினார்களாம். விடிந்து வெகுநேரம் கழித்து மருத்துவமனை வாசலுக்கு வண்டி வந்தபோது அந்தப் பெண் அண்ணன் மனைவியின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். செருப்பில் செம்மண் காய்ந்து ஒட்டியிருந்தது. எழுப்ப மனம் வராமல் அந்த அம்மா என்னைப் பார்த்து இரண்டு நிமிஷம் பொறு என்று கையைக் காட்டினார்.

கொடுமை நடந்து 41 மணி நேரம் ஆகியிருந்தது. இது ஏன் முக்கியம் என்று சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கர்ப்பம் தரிக்காமல் இருக்கத் தரும் மாத்திரைக்கு ஐந்து நாள் வரை நேரம் உண்டு, அதுவும் தள்ளத் தள்ளப் பலன் குறையும். முந்தின வருஷம் இன்னொரு பெண் வந்து சேர்ந்தபோது ஆறு நாள் ஆகியிருந்தது. வண்டி கிடைக்கவில்லை, அவ்வளவுதான் காரணம். அந்த முகம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

ஓ.எஸ்.சி.சி. பிரிவில் அன்று பணியில் இருந்த டாக்டர் அம்மாவுக்கு என் வணக்கம். வன்முறைக்கு ஆளானவர்களுக்கு ஒரே இடத்தில் எல்லா உதவியும் தரும் பிரிவு அது. 1994-இல் கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கி, பிறகு நாடு முழுக்க அரசு மருத்துவமனைகளுக்கு வந்தது. ஆனால் ஏற்பாடு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உள்ளே இருக்கும் ஆளைப் பொறுத்துத்தானே எல்லாம்? அவர் அந்தப் பெண்ணை வரிசையில் உட்கார வைக்கவில்லை. நேராகத் தனி அறைக்குக் கூட்டிப்போனார். "முதல்ல சிகிச்சை, புகார் பத்தி அப்புறம் பேசலாம்" என்றார். ஒவ்வொரு தடவை தொடுவதற்கு முன்பும் மொழிபெயர்ப்பு வழியாக அனுமதி கேட்டார். அவள் வேண்டாம் என்று தலையசைத்தபோது கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தார். மாத்திரை 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். ஊருக்குத் திரும்பிய பிறகு அதைப் பார்த்துக்கொண்டதும் மொழிபெயர்த்த தங்கச்சிதான். ஒவ்வொரு ராத்திரியும் போய் உட்கார்ந்து, அவள் விழுங்கிய பிறகுதான் வீட்டுக்குப் போவாளாம்.

அந்தத் தங்கச்சியைப் பற்றி இன்னும் கொஞ்சம். வெள்ளைப்படுதல், எரிச்சல், பால்வினை நோய் இதையெல்லாம் பற்றிப் பேச நான் ஆரம்பத்தில் படங்களோடு போனேன். ஊர்க் கூடத்தில் ஆண்கள் முன்னே உட்கார்ந்திருக்க, பெண்கள் பின்னால் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அப்போது ஒரு பாட்டி எழுந்து, "அடுப்படிக்கு வா" என்று கூப்பிட்டார். அதற்கப்புறம் எல்லாப் பேச்சும் அந்த அடுப்படியில்தான். தங்கச்சி படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, அரிசி கழுவின தண்ணீரை ஒரு கிண்ணத்தில் எடுத்து வந்தாள். "இப்படியா? இதைவிடக் கெட்டியா? மஞ்சளா?" என்று கேட்டாள். அடுப்பைச் சுற்றி இருந்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு ஒருவர் மெதுவாக, "மஞ்சள்" என்றார். அப்புறம் இன்னொருவர். கணவருக்கும் சேர்த்து மருந்து கொடுக்காவிட்டால் நோய் திரும்பத் திரும்ப வரும் என்பதை அங்கேதான் சொல்ல முடிந்தது. பாட்டி, உங்கள் அடுப்படிக்கு என் நன்றி.

மிரியில் மாதவிடாய்த் துணி தைத்துக் கொடுத்த நம் தையல்கார அக்காவுக்கும், பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகளுக்காகப் படிவம் நிரப்பிய ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும் தனியாக நன்றி. அடையாள அட்டை இல்லை என்று சொல்லி ஓர் அலுவலகம் ஒரு தாயைத் திருப்பி அனுப்பியபோது, சார் மறுநாள் அவரோடு போய் மாலை வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அட்டை இல்லாமல் பள்ளியும் கஷ்டம், புகாரும் கஷ்டம்.

நமக்கு ஏன் இந்த வேலை என்று சில உறவினர்கள் கேட்டார்கள். என் அம்மா சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். விடியாத இருட்டில் தனியாக மர நிரைக்குப் போகும் பெண்கள் எந்த மண்டோருக்கு, அதாவது எந்தக் கங்காணிக்கு, பயந்து எந்தப் பக்கம் சுற்றிப் போனார்கள் என்று அவர் சாகும்வரை முழுதாகச் சொல்லவில்லை. கடைசிக் காலத்தில் ஒரு நாள் பாதி சொன்னார், அழுதார், நிறுத்திவிட்டார். பெனான் பெண்கள் சொல்லி முடித்தார்கள். கேட்க ஆள் இருந்தால் என் அம்மாவும் சொல்லியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

பெனான் மக்களிடம் இருப்பதைப் பங்கிட்டுக்கொள்வது இயல்பு, கொடுத்தவருக்கு யாரும் தனியாக நன்றி சொல்வதில்லை. மனம் குளிர்ந்தால் "ஜியான் கெனின்" என்பார்கள், மனசு நல்லா இருக்கு என்று அர்த்தம். போன வாரம் விடைபெறப் போனபோது பாட்டி அதைச் சொல்லிவிட்டு, பிரம்புக் கூடை ஒன்றை என் தோளில் மாட்டினார். இதை உங்கள் எல்லாருக்காகவும்தான் வாங்கி வந்திருக்கிறேன்.

வண்டிக்கு முன் டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன. அடுத்த பள்ளி விடுமுறைக்கு ஆறு பிள்ளைகளை விடுதியிலிருந்து ஊரில் கொண்டுபோய் விட வேண்டும். டயருக்கான காசு நேற்றோடு சேர்ந்துவிட்டது, அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். அவர் மனைவி பின் இருக்கைக்குப் புது மெத்தை உறை தைத்துக்கொண்டிருக்கிறார்.

என்றும் அன்புடன்,
உங்கள் தாதி