பாட்டியா, பிணமா: படமெடுக்கப் போகும் மகள் பற்றி நண்பனுக்கு

பாளையங்கோட்டை

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வலது கண்ணில் புரையை எடுத்தாகிவிட்டது. இடது கண்ணுக்குத் தை மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். எடுத்த கண்ணில் வானமும் வாளியும் ஒன்றுபோல நீலம் பூசிக்கொண்டு நிற்கின்றன. இத்தனை வருடம் பழுப்பு உலகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் போல. அந்தச் சாக்கில் பழைய படங்களைத் திரும்பப் பார்க்கத் தொடங்கினேன். அதில் பாதி கறுப்பு வெள்ளை என்று வீட்டில் கேலி.

உன் மகள் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டுப் படமெடுக்கப் போகிறாள் என்று எழுதியிருந்தாய். விடுதி அறையில் ஓர் இரவில் நடக்கும் கொலைக் கதை ஒன்று, உன் அம்மாவைப் பற்றிய ஆவணப்படம் ஒன்று, இரண்டில் எது என்று தவிக்கிறாளாம். "கொலையென்றால் நாலு பேர் பார்ப்பார்கள், பாட்டியை எடுத்தால் யார் பார்ப்பார்கள்?" என்று நீ கேட்டதற்குத்தான் இந்தக் கடிதம். நீ நினைக்கிற அளவுக்கு இவை இரண்டும் எட்ட எட்ட இருப்பவை அல்ல.

கையில் காசில்லாதவர்கள் முதல் படத்துக்கு ஏன் குற்றக் கதையைத் தேடிப் போகிறார்கள்? ஒரு பிணமும் பொய் சொல்லும் இரண்டு பேரும் இருந்தால் போதும், கூட்டமோ அரங்க அமைப்போ வேண்டாம். அமெரிக்க இயக்குநர்களான கோயன் சகோதரர்கள் 'பிளட் சிம்பிள்' (1984) எடுப்பதற்கு முன் அதன் முன்னோட்டத்தை மட்டும் எடுத்து, புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு மினியாபொலிஸில் வீடு வீடாகப் போட்டுக் காட்டிப் பணம் திரட்டினார்கள். நடிகை பிரான்சிஸ் மெக்டார்மண்டுக்கு அதுதான் முதல் படம். கேமரா ஓட வேண்டிய காட்சியில் அதை ஒரு பலகையில் பொருத்தி, இரு முனையிலும் ஆள் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். 'ஃபாலோயிங்' (1998) எடுத்தபோது கிறிஸ்டோபர் நோலனும் நண்பர்களும் வாரம் முழுக்க வேலைக்குப் போய்விட்டுச் சனிக்கிழமைகளில் படம்பிடித்தார்கள். 16 எம்எம் ஃபிலிம் விலையுள்ள சரக்கு. அதனால் நாடகம்போல முன்கூட்டியே ஒத்திகை பார்த்து, ஓரிரு டேக்கில் முடித்தார்கள். அப்படி ஓராண்டுக்கு மேல் இழுத்து எடுத்ததன் சுவடே படத்தில் தெரியவில்லை.

ஆனால் சிக்கனம் பாதிக் காரணம்தான். 'பிளட் சிம்பிள்' கதையை நினைத்துப் பார். கணவனைச் சுட்டது மனைவிதான் என்று அவளுடைய காதலன் நம்பிக்கொள்கிறான். தன்னைக் கொல்ல வந்திருப்பவன் கணவன்தான் என்று அவள் கடைசிவரை நம்புகிறாள். என்ன நடந்தது என்பது படம் பார்க்கும் நமக்கு மட்டுமே தெரியும். யாருக்கு எது தெரியும், யாரிடம் எது மறைக்கப்பட்டிருக்கிறது என்ற கணக்கில்தான் குற்றக் கதையின் உயிர் இருக்கிறது. குடும்பத்திலும் அதே கணக்குதானே ஓடுகிறது? உன் அம்மா சொந்த அண்ணனோடு ஏன் பேச்சை நிறுத்தினார் என்று இத்தனை காலத்தில் உனக்கே தெரியாது என்றாயே.

இயக்குநர் சாரா போலி தன் குடும்பத்தைப் பற்றி எடுத்த 'ஸ்டோரீஸ் வி டெல்' (2012) ஆவணப்படம் உனக்கு நினைவிருக்கும். கனடா அரசின் தேசியத் திரைப்பட வாரியம் எடுத்த படம், ஆகவே சுயாதீனப் படம் என்று நீ ஒப்புக்கொள்ள மாட்டாய். ஒப்புக்கொள்ளாமலே கேள். அவளுக்கு 11 வயதில் தாய் புற்றுநோயில் இறந்துபோகிறாள். சாராவுக்கு அப்பா ஜாடை இல்லையே என்று வீட்டில் வழக்கமாக ஒரு கேலி. வளர்ந்தபின் அந்தக் கேலியின் வேரைத் தேடிப் போனால், வளர்த்த தந்தை பெற்ற தந்தையல்ல என்று தெரியவருகிறது. அண்ணன், அக்கா, அம்மாவின் தோழிகள் என்று ஒவ்வொருவராக உட்கார வைத்துச் சாட்சி கேட்கிறாள். ஒருவர் சொல்வது இன்னொருவருக்கு ஒத்துவரவில்லை. பழைய சூப்பர் 8 ஃபிலிமில் எடுத்த வீட்டுப் படங்கள் என்று நாம் நம்பிப் பார்த்துக்கொண்டிருந்தவற்றில் பல, நடிகர்களை வைத்து அவள் எடுத்தவை என்பது வெகுநேரம் கழித்துத்தான் தெரிகிறது. பிணம் விழவில்லை என்பதைத் தவிர அது முழுக்க ஒரு துப்பறியும் கதை. எனக்குப் பிடித்தது வேறொன்று. அந்த வளர்ப்புத் தந்தை மைக்கேல், தன் பக்கக் கதையைத் தானே எழுதி ஒலிப்பதிவு அறையில் படிக்கிறார். மகள் குறுக்கிட்டு, இந்த வரியை இன்னொரு தரம் படியுங்கள் என்கிறாள். அவர் முணுமுணுக்காமல் படிக்கிறார். அந்த இடத்தில் நான் படத்தை நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

படமாகிறவரைத் தன் பக்கத்தைத் தானே சொல்லவிடும் அந்த நியாயம் எல்லாப் படத்திலும் இல்லை. ஜோனாதன் கௌட் 'டார்னேஷன்' (2003) படத்தை வீட்டுக் கணினியில் இருந்த ஐமூவி மென்பொருளிலேயே தொகுத்தார், 218 டாலரில் முடித்தேன் என்றும் சொன்னார். மனநோயால் சிதைந்த தன் தாயைப் பற்றிய படம். ஒரு பூசணிக்காயை வைத்துக்கொண்டு அந்த அம்மாள் பாடிச் சிரித்துக்கொண்டே இருக்கும் காட்சியை மகன் வெட்டாமல் நீட்டிக்கொண்டு போகிறார். அன்பால்தான் எடுத்தார், சந்தேகமில்லை. ஆனாலும் அவ்வளவு நேரம் பார்க்க எனக்கு உரிமை இல்லை என்று பட்டது. உன் அம்மாவுக்கு மறதி கூடிவருகிறது என்கிறாய். நினைவு தெளிவாக இருக்கும் நாளில், எதைக் காட்டலாம் எதைக் காட்டக்கூடாது என்று பேத்தி அவரிடமே கேட்கட்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பிணத்தையும் குடும்பத்தையும் ஒரே படத்தில் கலந்தவரும் உண்டு. தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' (1977) எடுத்த அதே மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாம்தான். 'அம்ம அறியான்' (1986) படத்துக்காக அவருடைய ஒடேஸா என்ற திரைப்படக் குழுவினர் ஊர் ஊராகப் போய் மக்களிடம் நன்கொடை திரட்டினார்கள். படத்தில் ஓர் இளைஞன் வழியில் ஒரு பிணத்தைப் பார்க்கிறான். யாரென்று விசாரித்து, இறந்தவனின் தாய்க்குச் செய்தி சொல்லப் புறப்படுகிறான், வழியெங்கும் நண்பர்கள் சேர்ந்துகொள்கிறார்கள். அவ்வளவும் அவன் தன் அம்மாவுக்குச் சொல்வதாக அமைந்திருக்கிறது. உன் மகளுக்கு இதை முதலில் போட்டுக் காட்டு.

ஆக, என் ஓட்டு பாட்டிக்கு. கொலைக் கதையை அப்புறமும் எடுக்கலாம். அந்த விடுதி எங்கேயும் போய்விடாது.

ஒரு தொழில் விஷயம். 'டார்னேஷன்' திரைக்கு வந்தபோது, அதில் வரும் பாடல்களுக்கும் காட்சித் துணுக்குகளுக்கும் உரிமை வாங்க, படமெடுத்ததைப் போலப் பல மடங்கு செலவானது. உன் அம்மா காலையில் ரேடியோவைப் போட்டுவிட்டுத்தான் பல் தேய்ப்பார். பின்னணியில் பழைய சினிமாப் பாட்டு ஓடினால் நாளைக்கு எவனாவது வந்து நிற்பான். படம்பிடிக்கும்போது அணைத்து வைக்கச் சொல். அணைத்தால் அவர் பேசமாட்டேன் என்று முரண்டு பிடிப்பார், அதையும் நானே சொல்லிவிடுகிறேன். அதற்கு என்ன செய்வது என்று உன் மகள்தான் யோசிக்க வேண்டும்.

இடது கண் முடிந்ததும் கோயம்புத்தூர் வருகிறேன். எடுத்தவரை போட்டுக் காட்டச் சொல்.

உன் பழைய நண்பன்