பித்தளைக்கு அம்மோனியா வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பின் வீட்டுக் குறிப்பில், கறுத்துப்போன பித்தளைக் குடத்தையும் சொம்பையும் அம்மோனியா கலந்த தண்ணீரில் ஊறவைக்கச் சொல்லியிருந்தார்கள். தயவுசெய்து அதற்கு ஒரு திருத்தம் போடுங்கள். பாலிடெக்னிக் உலோகவியல் ஆய்வகத்தில் 31 வருடம் வேலை பார்த்தவன் நான்.

போன வருடம் டெக்சாஸில் மகள் வீட்டில் இருந்தேன். மருமகன் ரைபிள் சுடும் போட்டிகளுக்குப் போகிறவர். சுட்ட தோட்டாவின் பித்தளை உறைகளை மறுபடி பயன்படுத்துவதற்காகப் பொறுக்கி வந்து, அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடியான பழைய பிரைமரைத் தள்ளி எடுத்து, கழுவி, மசகு தடவி, அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருவார். இதில் உறை கொஞ்சம் நீண்டுவிடும். அவருடைய .308 வின்செஸ்டர் ரகத் தோட்டா உறை 2.015 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. ஒவ்வொன்றையும் அளந்து 2.005-க்கு வெட்டுவார். அப்புறம் நுனி வளைந்த கம்பியை உள்ளே விட்டு, அடிப்பகுதிக்குச் சற்று மேலே தடவிப் பார்ப்பார். கம்பி பள்ளத்தில் தட்டினால் அங்கே சுவர் மெலிந்துவிட்டது என்று அர்த்தம். அந்த உறையை ஒதுக்கிவிடுவார். அவருடைய நிதானம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஒருநாள் பளபளப்புக்காக அம்மோனியா கலந்த பாலிஷை எடுத்தார். "மாப்பிள்ளை, அது வேண்டாம்" என்று தடுத்தேன். தோட்டா உறை 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். சூடாக்காமல் இழுத்தும் அழுத்தியும் செய்வதால் உலோகத்துக்குள் இறுக்கம் தங்கியிருக்கும். அதில் அம்மோனியா சேர்ந்தால் விரிசல் விடும். வெள்ளைக்காரர் காலத்தில் இந்தியாவிலேயே இது நடந்திருக்கிறது. மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த ராணுவத் தோட்டாக்கள் சுடாமலேயே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அம்மோனியாதான் காரணம் என்பது 1921-ல்தான் தெளிவானது. மழைக்காலத்தில் வந்ததால்தான் இதற்கு 'சீசன் கிராக்கிங்' (பருவ விரிசல்) என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள்.

தட்டி உருவாக்கிய குடத்திலும் சொம்பிலும் அதே இறுக்கம் உண்டு. வார்த்த குத்துவிளக்கில் அது குறைவு; இருந்தாலும் எதற்கு வம்பு? மருமகன் இப்போது எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்துக் கழுவுகிறார். நம் வீடுகளில் புளி இருக்கிறது. தேய்த்ததும் நன்றாக அலசி, ஈரம் போகத் துடைத்தால் போதும்.

குறிப்பைப் படித்தவர்கள் பாத்திரத்தை ஊறவைப்பதற்கு முன்னால், அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் திருத்தம் வர வேண்டும்.

— ஓய்வுபெற்ற ஆய்வகப் பயிற்றுநர், சேலம்