வூச் நகர யூதக் கல்லறைத் தோட்டம்: திருப்பணி நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்குத் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

போலந்து நாட்டின் வூச் நகரில், பிராட்ஸ்கா தெருவிலுள்ள யூதக் கல்லறைத் தோட்டத்தின் ஒரு பகுதியில் சாய்ந்தும் விழுந்தும் கிடந்த கற்களை நிமிர்த்தி நிறுத்துவது, அவற்றைத் தூய்மை செய்து எழுத்துகளைப் படித்துப் பதிவேட்டில் ஏற்றுவது ஆகிய பணிகளைப் பொதுக்குழு எங்களிடம் ஒப்படைத்திருந்தது. அப்பணிகள் நிறைவடைந்துவிட்டன. என்ன செய்தோம், எதைச் செய்யாமல் விட்டோம், அவற்றுக்கான காரணங்கள் என்ன என்பதை உறுப்பினர்கள் முன் வைக்கும் கடமை எங்களுக்கு உள்ளது.

பணியிடத்தைத் தேர்ந்தெடுத்த விதம் குறித்து உறுப்பினர்கள் பலர் கேட்டிருந்ததால் முதலில் அதை விளக்குகிறோம். இத்தோட்டத்துக்கு வருபவர்கள் எல்லோரும் பார்க்க விரும்புவது பஞ்சாலை அதிபர் இஸ்ரேல் போஸ்னான்ஸ்கியின் கல்லறை மண்டபத்தைத்தான். அடால்ஃப் செலிக்சன் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த அந்த மண்டபத்தின் குவிமாடத்து உட்புறத்தை, வெனிஸ் நகரக் கண்ணாடிச் சில்லுகள் ஏறத்தாழ இருபது லட்சம் சேர்ந்து அலங்கரிக்கின்றன. 1833-ல் பிறந்து 1900-ல் மறைந்த போஸ்னான்ஸ்கி, ஒக்ரோதோவா தெருவில் எழுப்பிய செங்கல் ஆலை வளாகமும் அதன் அருகிலுள்ள மாளிகையும் இன்றும் நகரத்தின் அடையாளங்களாக நிற்கின்றன. அவருக்கு நினைவுச் சின்னம் உண்டு, பார்வையாளர் உண்டு, பராமரிப்புக்கு நிதி தேடித் தருவோரும் உண்டு. அந்த நகரத்தைத் தறியில் நெய்தவர்களும், நூல் மூட்டையைத் தோளில் சுமந்து விற்றவர்களும், வாடகை அறையில் இரவெல்லாம் தைத்தவர்களும் உட்புற வரிசைகளில், ஐவிக்கொடியின் அடியில், மணற்கல் பலகைகளின் கீழ் உறங்குகிறார்கள். அவர்களுக்கு வேறு யாரும் வரப்போவதில்லை என்பதனாலேயே நாங்கள் அங்கே போனோம்.

அவர்கள் எப்படி அங்கே வந்து சேர்ந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1820-ல், ரஷ்யப் பேரரசின் ஆளுகையிலிருந்த போலந்து அரசாங்கம் வூச் ஊரை நெசவுத் தொழில் குடியேற்றமாக அறிவித்தபோது, அங்கே எண்ணூறு பேர்கூட வாழவில்லை. சாக்சனியிலிருந்தும் சிலேசியாவிலிருந்தும் வரவழைக்கப்பட்ட ஜெர்மானிய நெசவாளர்களுக்கு மனையும் சலுகைகளும் வழங்கிப் புதிய நகரத்தை அமைத்த அதே அரசு, யூதர்கள் அப்புதிய நகரில் குடியிருக்கக் கூடாது என்று தடுத்து, 1825-ல் பிறப்பித்த ஆணையின் மூலம் பழைய நகரத்தின் சில தெருக்களுக்குள் அவர்களை ஒதுக்கியது. செல்வந்தர் சிலருக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. 1862-ல் அந்தத் தடை நீங்கியது. ரஷ்யாவுடனான சுங்க எல்லை 1850-களின் தொடக்கத்திலேயே அகற்றப்பட்டிருந்ததால் ரஷ்யச் சந்தை முழுவதும் வூச் துணிக்குத் திறந்து கிடந்தது. 1860-களின் நடுவில் ரயில் பாதையும் வந்து சேர்ந்த பிறகு நகரம் வளர்ந்த வேகத்தை ஐரோப்பாவில் மிகச் சில நகரங்களிலேயே காண முடியும். 1897 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரத்தின் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களில் ஏறத்தாழ 99 ஆயிரம் பேர் யூதர்கள்.

இவ்வளவு பேர் இருந்தும், நீராவியால் இயங்கிய பெரிய ஆலைகளில் யூதத் தொழிலாளர்கள் மிகக் குறைவு. யூத முதலாளிகளின் ஆலைகளிலும் நிலைமை பெரும்பாலும் அப்படித்தான். ஆலைக்கு ஞாயிறு விடுமுறை, யூதருக்கோ சனிக்கிழமை ஓய்வுநாள். இரண்டுக்கும் நடுவே சிக்கியவர்கள் கைத்தறிக்கும் சிறு பட்டறைக்கும் தையலுக்கும் தரகுக்கும் போனார்கள். நகர எல்லைக்கு வெளியே, 1915 வரை கிராமமாகவே கணக்கிடப்பட்ட பவூட்டி பகுதியில், ஒரே அறையில் தறியும் அடுப்பும் தொட்டிலும் வைத்து வாழ்ந்தவர்கள் அவர்கள். வூச் யூதர் வரலாற்றைப் போஸ்னான்ஸ்கியின் மாளிகையிலிருந்து தொடங்குபவர்கள் பவூட்டிக்குப் போய்ச் சேர்வதே இல்லை என்பது எங்கள் வருத்தம்.

1811 முதல் பயன்பட்டுவந்த வெசோவா தெருக் கல்லறைத் தோட்டத்தில் இடம் தீர்ந்த நிலையில் 1892-ல் பிராட்ஸ்கா தெருத் தோட்டம் தொடங்கப்பட்டது. அவ்வாண்டு பரவிய காலரா நோய்க்குப் பலியானவர்களே முதலில் இங்கே அடக்கம் செய்யப்பட்டார்கள். மினா கொன்ஷ்டாட் என்ற அம்மையார் தம் கணவரின் நினைவாக அளித்த உபயத்தில், உடலைக் குளிப்பாட்டி அடக்கத்துக்கு ஆயத்தம் செய்யும் இல்லம் 1898-ல் எழுந்தது. ஏறத்தாழ நூறு ஏக்கர் பரப்பில், ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இங்கே உறங்குகிறார்கள். பழைய வெசோவா தோட்டத்தை ஜெர்மானிய ஆக்கிரமிப்பாளர் அழித்தனர். போருக்குப் பின் அதன் மேலேயே சாலை போடப்பட்டது. ஆகவே நகரத்தின் யூத வரலாற்றைக் கல்லில் படிக்க எஞ்சியிருக்கும் பெரிய ஏடு பிராட்ஸ்கா தெருத் தோட்டம் ஒன்றே.

இனி, செய்த பணிகள். கற்களைச் சாய்த்தது பெரும்பாலும் மனிதர் கை அன்று, மரங்களின் வேர். பல பத்தாண்டுகளாக யாரும் வெட்டாத காட்டு மரங்கள் கல்லறைகளின் இடையே முளைத்துப் பெருத்து, அடிப்பீடங்களை ஒரு பக்கமாகத் தூக்கியிருந்தன. வேரோடு பிடுங்கினால் அடியில் உள்ள உடல்களுக்கு இடையூறு நேரும். யூத நெறி அதை அனுமதிப்பதில்லை. எனவே மரங்களை நில மட்டத்தில் அறுத்து, வேர் தானாக மட்கும்படி விட்டுவிட்டோம். பீடங்களை மீண்டும் பதிக்கத் தோண்டிய பள்ளங்கள் ஒவ்வொன்றும் யூத சமயகுருவான ரப்பியின் மேற்பார்வையில், மேல்மண் அளவோடு நிறுத்தப்பட்டன. ஐவிக்கொடியைக் கல்லிலிருந்து இழுக்காமல், தண்டை அடியில் வெட்டிக் காயவிட்டுப் பிறகே எடுத்தோம். பச்சையாக இருக்கும்போது இழுத்தால் மணற்கல்லின் மேல்தோலும் எழுத்தும் சேர்ந்தே பெயர்ந்து வந்துவிடும். பாசியை நீக்குவதற்குத் தண்ணீரும் மென்மையான தூரிகையும் மட்டுமே பயன்பட்டன. உடைந்த கற்களைத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி செருகி, சுண்ணாம்புக் காரையால் இணைத்தோம். சிமென்ட் பூசினால் கல்லை விடக் காரை இறுகிப்போய், அடுத்த உறைபனியில் கல்தான் பிளக்கும்.

மணலைப் பீச்சி அடித்து விரைவில் முடித்துத் தருவதாகக் குறைந்த விலைப்புள்ளி கொடுத்த ஒப்பந்ததாரர் ஒருவரை ஏன் ஏற்கவில்லை என்ற கேள்வி இடைக்காலக் கூட்டத்தில் எழுந்தது. மாதிரிக்காக அவர் சுத்தம் செய்து காட்டிய உடைந்த துண்டின் விளிம்புகள் மழுங்கிவிட்டிருந்தன. நூறு ஆண்டு மழைக்குத் தப்பிய எழுத்தை அப்படி இழக்க எங்களுக்கு மனம் வரவில்லை. சனிக்கிழமைகளிலும் பண்டிகை நாட்களிலும் தோட்டம் மூடியிருந்ததும், உறைபனிக் காலத்தில் சுண்ணாம்புக் காரை பிடிக்காது என்பதால் பணியை நிறுத்திவைத்ததும் தாமதத்துக்கு மற்ற காரணங்கள்.

முகம் குப்புற விழுந்து கிடந்த கற்களே எங்களுக்குப் பெரும் பேறாக அமைந்தன. நின்ற கற்களின் முகத்தை மழையும் ஆலைப் புகைக்கரியும் தேய்த்திருக்க, விழுந்தவற்றின் முகம் மண்ணுக்குள் பாதுகாப்பாக இருந்தது. ஒரு பெண்மணியின் கல்லைக் கப்பி கட்டித் தூக்கித் திருப்பியபோது, மெழுகுவர்த்திகளின் மேல் ஆசி கூறும் இரு கைகள் செதுக்கப்பட்டிருப்பதைக் கண்டோம். வர்த்திகளுள் ஒன்று நடுவில் முறிந்திருந்தது. விரல்களின் இடுக்கில் நீல வண்ணமும், எழுத்துகளின் குழிவில் பொன் வண்ணமும் ஒட்டியிருந்தன. இன்று சாம்பல் நிறக் காடாகத் தோன்றும் இத்தோட்டம் ஒரு காலத்தில் வண்ணங்களோடு இருந்தது என்பதற்கு அந்தக் கல் கண்கூடான சான்று. வண்ணத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்று குழுவில் சிலர் விரும்பினார்கள். எஞ்சியிருப்பது குறைவே என்றாலும் அது அந்தக் கைவினைஞர் பூசியது. அதன் மேல் நம் வண்ணம் ஏற வேண்டாம் என்ற முடிவே நிலைத்தது.

பதிவேட்டைப் புரட்டும் உறுப்பினர்கள் நகரத்தின் போக்கையே அதில் காணலாம். பழைய கற்களில் எபிரேயம் மட்டுமே. குரு மரபினருக்கு விரித்த கைகள், ஆலயப் பணி செய்த மரபினரான லேவியருக்கு நீர்க்குடம், கற்றோருக்கு நூல்கள், தானம் செய்தோருக்கு உண்டியலில் காசு இடும் கை. ஆண்டுகள் செல்லச் செல்ல, கல்லின் பின்புறத்திலோ அடியிலோ போலிய மொழியும் சில இடங்களில் ஜெர்மனும் ரஷ்யமும் வருகின்றன. 1920, 30-களின் கற்கள் சிலவற்றில் போலிய மொழியே முகப்புக்கு வந்துவிடுகிறது. இந்நகரில் பிறந்த கவிஞர் யூலியன் துவிமின் பெற்றோரும், பியானோ மேதை ஆர்தர் ரூபின்ஸ்டைனின் பெற்றோரும் இத்தோட்டத்திலேயே அடக்கமானவர்கள்.

கெட்டோ வயல் என்றழைக்கப்படும் பகுதியில், அதாவது போர்க்காலத்தில் யூதர்களை அடைத்துவைத்த கெட்டோ என்னும் ஒதுக்குப்பகுதியில் இறந்தவர்கள் புதைக்கப்பட்ட இடத்தில், நாங்கள் செய்த பணி மிகக் குறைவு. 1939-ல் நகரில் இரண்டே கால் லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள், அதாவது மக்களில் மூவரில் ஒருவர், வாழ்ந்தார்கள். ஆக்கிரமிப்பாளர்கள் அவ்வாண்டு நவம்பரில் பெரிய ஜெபாலயத்தைக் கொளுத்தினர். நகரின் பெயரையே லிட்ஸ்மன்ஷ்டாட் என மாற்றினர். 1940 ஏப்ரல் இறுதியில், பவூட்டியையும் பழைய நகரத்தையும் முள்வேலியால் அடைத்து 1,60,000 பேரை உள்ளே பூட்டினர். பிராகா, வியன்னா, பெர்லின் முதலிய நகரங்களிலிருந்து ஏறத்தாழ 20 ஆயிரம் யூதர்களும், ஆஸ்திரியாவின் பூர்கன்லாந்துப் பகுதியிலிருந்து பெரும்பாலும் வந்த ஜிப்ஸிகள் என அழைக்கப்பட்ட ரோமா மக்கள் சுமார் 5 ஆயிரம் பேரும் 1941 இலையுதிர் காலத்தில் அதே வேலிக்குள் கொண்டுவரப்பட்டனர். உழைப்பு உயிரைக் காக்கும் என்று நம்பிய கெட்டோ தலைவர் ரும்கோவ்ஸ்கியின் நிர்வாகத்தில், பட்டறைகள் ஜெர்மானியப் படைக்குச் சீருடை தைத்துக் குவித்தன. உழைப்பு காக்கவில்லை. 1942 ஜனவரியில் ஹெவ்ம்னோ கொலைக்களத்துக்கு வண்டிகள் புறப்படத் தொடங்கின. அவ்வாண்டு செப்டம்பரில் பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் முதியோரும் நோயாளிகளுமாக 15 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அனுப்பப்பட்டனர். 1944 ஆகஸ்டில் எஞ்சியோரில் பெரும்பாலோர் அவுஷ்விட்ஸுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

பசியாலும் நோயாலும் கெட்டோவுக்குள்ளேயே இறந்த 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரும், அங்கே மாண்ட ரோமா மக்களும் இத்தோட்டத்தில் புதைக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் கல் வைக்க உறவினர் எவரும் மிஞ்சவில்லை. அங்கே புதிய கற்களை நட வேண்டும் என்ற நல்லெண்ண யோசனையை நாங்கள் ஏற்கவில்லை. எந்த மேட்டில் யார் என்று உறுதியாகத் தெரியாமல் பெயர் பொறிப்பது இறந்தவருக்கு இழைக்கும் தீங்காகும். புல்லை வெட்டி, நடைபாதையைச் செப்பனிட்டு, மேடுகளின் எல்லை தெரியும்படி செய்ததோடு நிறுத்திக்கொண்டோம். மதிலோரம், கடைசியாக விட்டுவைக்கப்பட்ட யூதர்களைக் கொன்று புதைக்க அவர்களைக் கொண்டே தோண்டவைத்த குழிகளில் சில இன்றும் திறந்தே கிடக்கின்றன. 1945 ஜனவரி 19 அன்று சோவியத் படை நகருக்குள் நுழைந்ததால் அந்தக் குழிகள் நிரப்பப்படவில்லை. அவற்றின் பக்கம் ஒரு கைப்பிடி மண்ணையும் நாங்கள் நகர்த்தவில்லை.

போருக்குப் பின் சில ஆண்டுகள் போலந்திலேயே மிகப் பெரிய யூத சமூகம் வூச்சில்தான் இருந்தது. அரசியல் நெருக்கடிகளால், குறிப்பாக 1968-ல், பெரும்பாலோர் நாட்டைவிட்டு வெளியேறினர். தோட்டம் காடானதற்கு அதுவே காரணம். பேரன் பேத்திகள் இல்லாத கல்லறைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இன்று உள்ளூரின் சிறிய சமூகத்தின் மீதும் நகரத் தன்னார்வலர்கள் மீதும் விழுந்திருக்கிறது. யூதரல்லாத இளைஞர்கள் பலர் விடுமுறை நாட்களில் வந்து கொடி வெட்டியதைக் குழு நன்றியோடு பதிவு செய்கிறது.

தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கு தனியே இணைக்கப்பட்டுள்ளது. செலவில் பெரும்பகுதி கற்களைத் தூக்கி நிறுத்துவதற்கும் கல் பராமரிப்பு வல்லுநரின் ஊதியத்துக்கும் ஆனது. நிழற்படங்களும் படிக்க முடிந்த எழுத்துகளின் படியும் அடங்கிய பதிவேட்டின் ஒரு பிரதி உள்ளூர் யூத சமூகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. கல் மிகவும் சிதைந்து, பெயரைப் படிக்க முடியாதவை பதிவேட்டின் இறுதியில் வரிசை எண்ணோடு மட்டும் காட்டப்பட்டுள்ளன. குடும்ப ஆவணம், பழைய நிழற்படம், இறப்புச் சான்று ஆகியவற்றுள் எது உறுப்பினர்களிடம் இருந்தாலும் அதன் நகலை அனுப்பினால் அவ்விடங்களை நிரப்ப உதவும். ஐவிக்கொடி ஓரிரு ஆண்டுகளில் மீண்டும் ஏறிவிடும் என்பதால், ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் அதை வெட்டச் சிறு தொகையை நிலையான நிதியாக ஒதுக்கும் தீர்மானத்தை வரும் பொதுக்குழுவின் முன் வைக்கிறோம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு