வால்பாறை மலைப்பாதையில் நியூட்ரலில் இறங்கிய வேன் குறித்துப் புகார்

பெறுநர்:
மேலாளர், வாடகை வேன் பிரிவு

ஐயா,

கடந்த சனி, ஞாயிறு இரண்டு நாளும் உங்கள் 12 சீட் வேனில் கோவையிலிருந்து வால்பாறை போய் வந்தோம். வண்டியில் என் எழுபது வயது அம்மாவும் மூன்று குழந்தைகளும் இருந்தார்கள். ஏறும்போது ஒரு குறையும் இல்லை. புகார் இறங்கியதைப் பற்றித்தான்.

ஆழியாறுக்கும் வால்பாறைக்கும் நடுவே 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை உண்டு. குழந்தைகள் அதைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார்கள். அட்டகட்டி தாண்டியதும் இன்ஜின் சத்தம் திடீரென்று அடங்கிவிட்டது. எட்டிப் பார்த்தால் கியர் நியூட்ரலில் கிடக்கிறது. இன்ஜினின் பிடிப்பு இல்லாமல், வளைவுக்கு வளைவு வெறும் பிரேக்கை மட்டுமே நம்பி வண்டி இறங்குகிறது. கொஞ்ச நேரத்தில் தீய்ந்த வாடை. பிரேக் மிதி வழக்கத்தைவிட ஆழமாகப் போகிறது என்று ஓட்டுநரே சொன்னபோது அம்மா என் கையைப் பிடித்தவர், கீழே வரும்வரை விடவில்லை.

ஒன்பதாவது வளைவில், ஆழியாறு அணை தெரியும் காட்சிமுனையில், நிறுத்தச் சொன்னேன். பின்சக்கரத்திலிருந்து புகை. ஓட்டுநர் தண்ணீர் ஊற்றப் போனார். அங்கே நின்றிருந்த தேயிலை லாரி டிரைவர் ஒருவர், "ஊத்தாதீங்க தம்பி, சூட்டுல பிரேக் டிரம் விரிசல் விட்டுப்போகும். எந்த கியர்ல ஏறினீங்களோ அதே கியர்ல இறங்குங்க" என்றார். முக்கால் மணி நேரம் ஆறவிட்டோம். பிறகு இரண்டாவது கியரிலேயே இறங்கினோம், வாடையே இல்லை.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு ஓட்டுநர் சொன்னது: "லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் காட்டணும் சார். குறைஞ்சா பேட்டால பிடிப்பாங்க." ஆக, தப்பு அவரிடம் மட்டும் இல்லை. மலைப்பாதைக்கும் பைபாஸுக்கும் ஒரே மைலேஜ் கணக்கு வைத்தது யார்? இத்தனைக்கும் இன்றைய டீசல் வண்டிகளில் கியரில் இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டால் டீசல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க டீசல் குடிக்கும். நீங்கள் மிச்சம் பிடிப்பதாக நினைப்பது மிச்சமே இல்லை.

திங்களன்று உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "அதான் பத்திரமா வந்துட்டீங்களே சார், அப்புறம் என்ன?" என்றார்கள். சரி, பில்லில் 'ஹில்ஸ் சார்ஜ்' என்று 800 ரூபாய் தனியாக வாங்கினீர்களே, அது எதற்கு?

அந்த 800 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். மலைப் பயணங்களுக்கு மைலேஜ் பிடித்தம் செய்வதை நிறுத்தியதாக எழுத்தில் தெரிவியுங்கள். இந்தப் புகாரைக் காரணம் காட்டி அந்த ஓட்டுநரின் பேட்டாவில் கை வைக்காதீர்கள். உண்மையைச் சொன்னவர் அவர் ஒருவர்தான். 15 நாட்களில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். பில்லின் நகலும் சக்கரப் புகையின் படங்களும் இணைப்பில் உள்ளன.

இன்னொன்று. இதே வேன் வரும் சனிக்கிழமை ஏற்காட்டுக்கு புக் ஆகியிருப்பதாக ஓட்டுநர் சொன்னார். பணம், பதில் எல்லாம் பிறகு இருக்கட்டும். அதற்கு முன் நான்கு சக்கரத்தையும் கழற்றி பிரேக் லைனிங்கைப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கோவை