களியக்காவிளையோடு நிறுத்திவிடாதே

அன்புள்ள மருமகளுக்கு,

உன் வாட்ஸ்அப் செய்தி கிடைத்தது. நவம்பர் 30-ம் தேதி ஒக்கிப் புயல் நினைவுநாளுக்கு நம் குமரி மாவட்டத்து வள்ளவிளைக்கு வருகிறாய், நாலு நாளில் முடித்துக்கொண்டு இலங்கைக்குப் போகவேண்டும், பேசுகிற மாதிரி நாலைந்து பேரின் போன் நம்பர் தாருங்கள் மாமா என்று கேட்டிருக்கிறாய். நம்பர் எல்லாம் தருகிறேன். அந்தத் தேதியில் மட்டும் வராதே. போனில் சொன்னால் பாதியில் உனக்கு வேறு அழைப்பு வந்துவிடும். உன்னைப்போல் எந்தப் பத்திரிகையிலும் சேராமல் தனியாக நின்று செய்தி எழுதுகிற வேறு சில பிள்ளைகளும் இதையேதான் கேட்கிறார்கள். அதனால் எல்லாரும் படிக்கட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

நவம்பர் 30 அன்று என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும். திருப்பலி, மெழுகுவர்த்தி, படம் மாட்டிய பந்தல். கணவனை இழந்த பெண்களின் முகத்துக்கு நேரே மைக். “கடைசியாக உங்களிடம் என்ன பேசினார்?” இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அவர்களுக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. நீ ஆங்கிலத்தில் எழுதப்போகிறாய், அவ்வளவுதான் வித்தியாசம். நினைவுநாள் கட்டுரைக்குத்தான் எடிட்டர் காசு தருவார் என்பது தெரியும். சம்பளமில்லாத உத்தியோகம், உனக்கும் வாடகை கொடுக்க வேண்டும். அதைக் குறை சொல்லவில்லை.

ஆனால் நவம்பர் கடைசியில் தூத்தூர் பக்கத்து எட்டு மீனவ ஊர்களிலும் உனக்கு வேண்டிய ஆண்கள் இருக்கமாட்டார்கள். நல்ல தொழில் காலம், எல்லாரும் ஆழ்கடலில். போனால் பத்து நாளும் ஆகும், ஒரு மாதமும் ஆகும். அவர்கள் கரையில் கிடைப்பது ஜூன், ஜூலையில். மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். கிழக்கே சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15-லேயே தொடங்கி ஜூன் 14-ல் முடிந்துவிடும். ஒரே மாவட்டம், ஒரே கலெக்டர், இரண்டு தடைக்காலம்! கேரளாவில் அதற்கும் வேறு கணக்கு. இந்தச் சின்ன விஷயத்தையே வெளியூர்க்காரர்கள் தப்பாகத்தான் எழுதுகிறார்கள்.

தடைக்காலத்தில் வந்தால் கடல்சுவர்க் கல்மேல் உட்கார்ந்திருக்கும் ஸ்ராங்கு, அதாவது படகு ஓட்டும் தலைவர், ஒருவரிடம் உன்னைக் கூட்டிப்போகிறேன். அவரிடம் பிள்ளைகளின் பழைய கோடு போட்ட நோட்டு ஒன்று இருக்கிறது. பக்கம் பக்கமாக ஜிபிஎஸ் எண்கள், பக்கத்தில் மாதம், மீன் பெயர்: கேரை, சூரை, சுறா. உப்பும் டீசலும் பட்டு ஓரமெல்லாம் பழுத்திருக்கும். கையில் தரமாட்டார், தானே விரித்துக் காட்டுவார். அந்த எண்களை ஒரு வரைபடத்தில் வைத்துப் பார், லட்சத்தீவு, குஜராத், ஓமான் பக்கம் என்று புள்ளிகள் விழும். உன் கட்டுரையை அந்த நோட்டிலிருந்து தொடங்கு என்றுதான் சொல்ல வருகிறேன்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் நெடுங்காலம் பகுதிநேர நிருபராக இருந்தவன். செய்திக்கு இத்தனை ரூபாய் என்று வாங்கினேன். ஒரு வகையில் நானும் உன் ஜாதிதான், பாஸ்போர்ட் மட்டும் இல்லை. எங்கள் மலையை உடைத்துக் கல் ஏற்றிய டிப்பர் லாரிகள் ராத்திரி முழுக்க மார்த்தாண்டம் வழியாகப் போகும். குவாரிப் பக்கம் ரப்பர் இலையெல்லாம் வெள்ளைப் பொடி. நான் எழுதுவேன், கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளை செக்போஸ்ட் வரை அச்சாகும். “அதுக்கு அப்புறம் நம்ம எடிஷன் இல்லையே அண்ணாச்சி” என்று டெஸ்க்கில் வெட்டிவிடுவார்கள். அந்தப் பக்கத்து நிருபர் கேரளத்து விழிஞ்சத்தில் துறைமுகம் கட்டக் கடலில் கல் கொட்டுவதை எழுதுவார், அவருக்கு நம் மலை தெரியாது. 2015 கடைசியில் வேலை தொடங்கிய துறைமுகம் அது. 2022-ல் அங்கே மீனவர்கள் தங்கள் கரை அரிக்கப்படுகிறது என்று மாதக்கணக்கில் போராடினார்கள். துறைமுகத்தால் இல்லை என்று மறுத்தவர்களும் உண்டு. 2025 மே மாதம் பிரதமர் வந்து திறந்துவைத்தார். மலையும் கடலும் ஒரே செய்தியில் வந்து நான் அதிகம் பார்த்ததில்லை. உனக்கு எடிஷன் கிடையாது. இந்த வேலையில் உனக்கு இருக்கிற ஒரே சொத்து அதுதான் மக்கா, அதையும் நினைவுநாளுக்கு விற்றுவிடாதே.

ஒக்கியையே எடுத்துக்கொள். புயல் நம் கரையை உரசிப்போனது 2017 நவம்பர் 30. எச்சரிக்கை வரும்போது இந்தப் படகுகள் கரையை விட்டுப் பல நாள் ஆகியிருந்தன, கரையிலிருந்து பேசும் வயர்லெஸ் எட்டாத தூரம். படகுகளில் பல கொச்சியிலிருந்து தொழிலுக்குப் போகிறவை. தப்பித்தவர்கள் லட்சத்தீவிலும் கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் கரை ஏறினார்கள். உடல்கள் கோழிக்கோடு வரை ஒதுங்கின, கேரளத்துப் பிணவறைகளில் மரபணுச் சோதனை செய்து அடையாளம் கண்டார்கள். டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்ததும் அதனால்தான்: எங்கள் ஆட்களைத் தேடவேண்டியது யார், சென்னையா, திருவனந்தபுரமா, டெல்லியா? காணாமல் போனவர் இறந்தவர் என்று சட்டம் ஒப்புக்கொள்ள ஏழு வருடம் வேண்டும். கடலுக்குப் போனவருக்கு அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும் என்று அப்போதுதான் அதிகாரிகளே யோசித்தார்கள்.

காணாமல் போனவர்களின் பட்டியலை முதலில் எடுத்தது ஊர்த் தேவாலயப் பங்குகள்தான். எந்த வீட்டில் யார் போனார், எந்தப் படகில் போனார் என்று பங்குத்தந்தைகளுக்குத் தெரியும். இன்னொன்றையும் கவனி. தூத்தூர் பக்கத்துப் பங்குகள் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. ரேஷன் கார்டு தமிழ்நாடு, ஆயர் திருவனந்தபுரம், படகு கொச்சி. 1956 நவம்பர் 1-ல் கோடு போட்டபோது கடலிலும் கோயிலிலும் யாரும் போடவில்லை. ஆகவே நம் கலெக்டர் அலுவலகத்தில் மட்டும் கேட்டுவிட்டு எண்ணிக்கை எழுதாதே.

ஈரானுக்கும் இங்கிருந்து போகிறார்கள். மாதச் சம்பளமில்லை, பிடித்த மீனில் பங்கு. 2020-ல் கொரோனா வந்ததும் அங்கேயே சிக்கிக்கொண்டார்கள். ஜூலை 1 அன்று ஐஎன்எஸ் ஜலாஷ்வா என்ற நம் கடற்படைக் கப்பல் ஈரானின் பந்தர் அப்பாஸ் துறைமுகத்திலிருந்து 687 பேரைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து இறக்கியது. இறங்கும்போது கேமரா இருந்தது. அதற்குப் பின் எத்தனை பேர் அதே முதலாளியிடம் திரும்பிப் போனார்கள், ஏன் போனார்கள் என்பதை எழுத ஒருவரும் வரவில்லை. நீ வளைகுடாவுக்குப் போய்வருகிறவள், இந்தக் கேள்வியின் இரண்டு முனையும் உன் கைக்கு எட்டும்.

சுறாவைப் பற்றி எழுதுவதாக இருந்தால் கொஞ்சம் நிதானம். இந்தியப் பெருங்கடல் தீவான தியாகோ கார்சியா பக்கம் போய் பிரிட்டிஷ்காரர்களிடம் படகோடு பிடிபட்டவர்கள் நம் ஊரில் உண்டு. அந்தக் கடலில் மீன்பிடிக்கவே கூடாது என்று 2010-ல் அறிவித்தார்கள். தெரியாமல் போய்விட்டோம் என்று உன்னிடம் சிலர் சொல்வார்கள். ஜிபிஎஸ் நோட்டு வைத்திருக்கிறவருக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் ஏன் போகிறார்கள், பக்கத்துக் கடலில் என்ன குறைந்தது, படகுக் கடன் எவ்வளவு, சுறாவின் துடுப்பு யார் வழியாக எந்த நாட்டுக்குப் போகிறது, இதையெல்லாம் கேள். நம் ஆட்கள் என்பதற்காக வெள்ளையடிக்காதே. லண்டனில் படிக்கிறவனுக்குப் பிடிக்கும் என்று வில்லனாக்கவும் செய்யாதே.

2012 பிப்ரவரி 15 ஞாபகம் இருக்கிறதா? நீ பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாய். இத்தாலியக் கப்பலிலிருந்து அந்த நாட்டுக் கடற்படை வீரர்கள் சுட்டதில் மீனவர்கள் இரண்டு பேர் செத்தார்கள், ஒருவர் கொல்லம், மற்றவர் நம் இரையுமன்துறைப் பையன். படகும் நம் ஊர்க்காரருடையது. வழக்கு கொச்சி, டெல்லி, ஹேக் என்று போய் 2021-ல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது, இழப்பீடு பத்து கோடி. எல்லை தாண்டிய செய்திதான். ஆனால் உலகப் பத்திரிகைகளில் வந்ததில் பெரும்பகுதி அந்த இரண்டு கடற்படை வீரர்களின் கதை. படகில் உயிர் தப்பிய மற்றவர்கள் எங்களுக்கும் பங்கு உண்டு என்று கோர்ட்டுக்குப் போனதைத் தேடித்தான் படிக்கவேண்டியிருந்தது. நாலு நாட்டில் விசாரித்து எழுதினாலும் யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டாய் என்பதுதான் செய்தியை முடிவு பண்ணுகிறது.

மணவாளக்குறிச்சி மணலைப் பற்றியும் கேட்டிருந்தாய். அது தனிக் கட்டுரை, இதோடு சேர்க்காதே. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற தாதுவைக் கண்டார் என்பதிலிருந்து, கிள்ளியூர் தாலுகாவில் புதிதாக மணல் எடுப்பதை எதிர்த்து நடக்கும் போராட்டம் வரை அதில் நூறு வருடத்துக்கு மேல் இருக்கிறது. நாலு நாளில் அள்ளமுடியாது.

கடைசியாக, காசு விஷயம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஆள் காட்டி, வண்டி ஓட்டி, மொழிபெயர்த்து உட்காரும் பையன்கள் இங்கே இருக்கிறார்கள். கட்டுரை வந்த பிறகு “நீதானே கூட்டிக்கொண்டு வந்தாய்” என்று ஊரில் திட்டு வாங்குவது அவர்கள், நீ அப்போது வேறு நாட்டில் இருப்பாய். அதனால் ஒருநாள் கூலியை வருவதற்கு முன்பே பேசிக்கொள். அவன் சம்மதித்தால் கட்டுரையில் அவன் பெயரும் வரட்டும், வேண்டாம் என்றால் கட்டாயப்படுத்தாதே. அச்சாகுமுன் அவர்கள் சொன்னதை அவர்களுக்கே தமிழில் வாசித்துக்காட்டு, தூத்தூர்த் தமிழில் மலையாளம் பாதி கலந்திருக்கும், உனக்குப் புரிந்தது சரிதானா என்று தெரிந்துகொள்ளலாம். எடிட்டர் கட்டுரை வேண்டாம் என்று கைவிட்டால் அதையும் அவர்களிடம் சொல். இங்கே போன வருடம் பேசியது எப்போது வரும் என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், நான்தான் பதில் சொல்லவேண்டியிருக்கிறது.

ஜூனில் வருவதானால் மே மாதமே தேதி சொல். கல்யாணங்களும் அப்போதுதான் வைப்பார்கள், முன்கூட்டிச் சொன்னால்தான் ஆள் பிடிக்கமுடியும். கருங்கல்லில் நம் வீட்டில் தங்கு, லாட்ஜ் எதுவும் பார்க்கவேண்டாம் என்று அத்தை சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
மாமா