போர்வையை எடுத்துக்கொண்டு கிளம்பியது மாப்பிள்ளைதான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் நூல் அறிமுகப் பகுதியில் அமெரிக்காவின் தொடக்க கால வரலாறு பற்றிய மொழிபெயர்ப்பு நூல் ஒன்றுக்கு முக்கால் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். சந்தோஷம். அதில் ஒரு வாக்கியம்: 'குடும்பம் என்ற கட்டுக்கோப்பையே அறியாமல் கூட்டங்கூட்டமாக அலைந்து திரிந்த செவ்விந்தியர்கள்'. இது நூலில் உள்ளதா, அறிமுகம் எழுதியவரின் சொந்தச் சரக்கா? நூலை வரவழைத்துப் பார்த்துவிடலாம் என்றால் விலையைப் போட்டிருக்கிறீர்கள், மூல நூலின் பெயரையும் மொழிபெயர்த்தவர் பெயரையும் காணோம். வாசகருக்கு விலை தெரிந்தால் போதும் என்று முடிவு செய்துவிட்டீர்கள் போலும்.

தங்களுக்குத் தெரியாததல்ல. பிரெஞ்சுக்காரர்கள் இரோகுவா என்று எழுதிவைத்த மக்கள் தங்களை ஹோடெனோஷோனி என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். நீள்வீட்டு மக்கள் என்று பொருள். பெயரிலேயே வீட்டை வைத்திருப்பவர்களுக்குக் குடும்பம் தெரியாதாம்.

அந்த நீள்வீட்டுக்குள் நான் நின்றிருக்கிறேன். மகளுக்குப் பிரசவம் பார்க்க நியூயார்க் மாநிலத்து ராசெஸ்டருக்குப் போய் ஆறு மாதம் இருந்தபோது, பேரனுக்குத் தலை நின்ற பிறகு, பக்கத்தில் விக்டர் என்ற ஊரிலுள்ள கனொண்டகனுக்கு மருமகன் கூட்டிப்போனார். ஹோடெனோஷோனிகளில் ஒரு பிரிவினரான செனகா மக்களின் பெரிய ஊர் இருந்த இடம் அது. 1687-இல் பிரெஞ்சுப் படை வந்து அழித்தது. இப்போது அங்கே பழைய முறையில் ஒரு நீள்வீடு கட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே மரப்பட்டை வாசனை. நடுவில் வரிசையாக அடுப்புகள், இரண்டு பக்கமும் திண்ணை போல மேடைகள். ஒரு அடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், எதிர்ப்பக்கம் ஒரு குடும்பம். தலைக்கு மேல் சோளக்கதிர்களைச் சடை பின்னித் தொங்கவிட்டிருந்தார்கள். எனக்குப் பாட்டி வீட்டு இரண்டாம் கட்டுதான் ஞாபகம் வந்தது.

அந்தக் கூரையின் கீழ் இருந்தவர்கள் ஒரு மூதாட்டி, அவள் பெண்கள், பெண்களின் பெண்கள். ஆண்பிள்ளை கல்யாணமானதும் மனைவி வீட்டுக்குப் போவான். பிறக்கும் பிள்ளைக்குத் தாயின் குலம்: ஓநாய், கரடி, ஆமை, மான், கொக்கு என்று செனகாக்களிடம் எட்டு. ஒரே குலத்துக்குள் கல்யாணம் கிடையாது, நாம் பங்காளி வீட்டில் பெண் எடுக்காத மாதிரி. வயலும் குதிரும் பெண்கள் கையில். சபையில் உட்காரும் தலைவரைத் தேர்ந்தெடுப்பவள் குலத்தாய். ஆள் சரியில்லை என்றால் பதவியைப் பறிப்பவளும் அவளே. தலைவனுக்கு அடையாளம் மான்கொம்பு என்பதால் அதைக் 'கொம்பை எடுப்பது' என்பார்கள். இதற்கு மேல் என்ன கட்டுக்கோப்பு வேண்டும், அறிமுகம் எழுதியவருக்கு?

வீட்டுக்குத் தன் பங்கைக் கொண்டுவராத மாப்பிள்ளை எத்தனை பிள்ளை பெற்றவனானாலும், 'போர்வையை எடுத்துக்கொண்டு கிளம்பு' என்று சொல்லிவிடுவார்களாம். அவன் கிளம்பியாக வேண்டும். செனகாக்களிடையே பல காலம் வாழ்ந்த ஒரு பாதிரியார் எழுதி வைத்தது இது. அமெரிக்க மானுடவியலாளர் மார்கன் 1877-இல் தம் நூலில் சேர்த்திருக்கிறார். இதைப் படித்தபோது என் அத்தையை நினைத்தேன். 1962-இல் ஒரு தகரப் பெட்டியோடு கூண்டு வண்டியில் வந்து எங்கள் வாசலில் இறங்கினாள். அண்டா குண்டான் எல்லாம் அங்கேயே நின்றுவிட்டன. சாகும்வரை பின்கட்டில் இருந்தாள், முன்கூடத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை. நம்முடையது கட்டுக்கோப்பு, அவர்களுடையது கூட்டம்!

இன்னொன்றும் கேட்கிறேன். 1704 பிப்ரவரியில் மாசசூசெட்ஸில் ஆங்கிலேயர் குடியேறிய டீர்ஃபீல்டில் பிரெஞ்சுக்காரர்களும் பூர்வகுடிகளும் நடத்திய தாக்குதலில் ஊர்ப் பாதிரியாரின் மகள் யூனிஸ் வில்லியம்ஸ் பிடிபட்டாள். அப்போது வயது ஏழு. ஹோடெனோஷோனிகளில் இன்னொரு பிரிவினரான மொஹாக் மக்களின் ஊர் கானவாக்கேயில் வளர்ந்தாள், அவர்களில் ஒருவரையே மணந்தாள். அப்பா கெஞ்சினார், ஆள்மேல் ஆள் அனுப்பினார். பிற்காலத்தில் உடன்பிறந்தவர்களைப் பார்க்க வந்தாளே தவிர, தங்க மறுத்துவிட்டாள். 1785-இல் கானவாக்கேயில்தான் கண் மூடினாள். எண்பத்தொரு வருஷம்! அதேபோல் பிடிபட்ட வெள்ளைக்காரப் பெண் மேரி ஜெமிசன் கதையும் அப்படித்தான். போரில் சகோதரனைப் பறிகொடுத்த இரண்டு செனகா சகோதரிகள் அந்த இழப்புக்கு ஈடாக அவளைத் தங்கையாக வரித்துக்கொண்டார்கள். வயதான காலத்தில் அவள் சொல்லி எழுதப்பட்ட புத்தகம் 1824-இல் வந்தது. அங்கே பெண்களின் வேலை வெள்ளைக்காரப் பெண்களின் வேலையைவிடக் கடினமில்லை என்கிறாள். இப்படிப்பட்ட நூல்களை உங்கள் பகுதியில் நான் பார்த்ததில்லை. கௌபாய் சித்திரக்கதைகளின் மறுபதிப்புக்கு மட்டும் நான்கு பக்கம் கொடுத்தீர்கள்.

பழையதைக் கிளறுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆனால் கிளறத்தான் வேண்டியிருக்கிறது. வர்ஜீனியாவின் பூர்வகுடித் தலைவர் ஒருவரின் மகளான பொகாஹொண்டாஸை ஆங்கிலேயக் குடியேறி ஜான் ஸ்மித்தின் காதலியாக்கி ஒரு கட்டுரை போட்டீர்கள். 1607-இல் அந்தக் குழந்தைக்குப் பத்துப் பதினொரு வயது. 1613-இல் ஆங்கிலேயர்கள் அவளைக் கடத்தினார்கள், மறு வருஷம் மணந்தவர் ஜான் ரால்ஃப், 1617-இல் இங்கிலாந்தின் கிரேவ்செண்டில் இறந்தாள். இதையெல்லாம் இரண்டு பக்கத்தில் எழுதி அனுப்பினேன். மூன்று வரியாக வெட்டி, 'கட்டுரை அருமை' என்ற தொனியில் வெளியிட்டீர்கள். என் பெயரிலும் ஓர் எழுத்து மாறியிருந்தது.

அதற்கும் முன்னால் 'செனகாவும் தமிழரும் ஒரே ரத்தம்' என்றொரு தொடர். மார்கன் 1859-இல் ஆற்காட்டு மிஷனைச் சேர்ந்த ஸ்கடர் குடும்பத்துப் பாதிரியார் ஒருவரிடமிருந்து தமிழ் உறவுமுறைகளைக் கேட்டு வாங்கியதும், இரண்டும் ஒத்துப்போவதைக் கண்டு துள்ளியதும் உண்மை. அப்பாவின் சகோதரர் அவர்களுக்கும் அப்பா, அம்மாவின் சகோதரி அம்மா. சித்தப்பா பிள்ளைகள் உடன்பிறப்பு, அத்தை பிள்ளைகள் வேறு. ஆனால் அத்தை மகளை உரிமைப்பெண்ணாகக் கொள்ளும் வழக்கம் அவர்களிடம் இல்லை. ஒன்றுவிட்டு ஒன்றுவிட்டுப் போகப்போக முறைகளும் பிரிந்துவிடுகின்றன. பூர்வகுடிகள் ஆசியாவிலிருந்து வந்ததற்கு இதுவே சான்று என்று மார்கனே அவசரப்பட்டார். தொடர் எழுதியவர் ஒரு படி மேலே போய் நம்மையே அங்கு கொண்டு குடியேற்றிவிட்டார். மார்கனுக்கு அந்த மக்களின் வாசலைத் திறந்துவிட்ட செனகாக்காரர் ஈலி பார்க்கர், அதாவது அமெரிக்க உள்நாட்டுப் போரின் முடிவில், 1865-இல், தென்மாநிலத் தளபதி லீயின் சரணாகதிப் பத்திரத்தைத் தம் கையால் எழுதியவர், தொடரில் ஒரு வரிகூட இல்லை. ஆக, நம் சொந்தக்காரர் என்றால் ஐந்து வாரம், நம் சொந்தக்காரர் இல்லை என்றால் குடும்பமே கிடையாது.

ஒரு வாக்கியத்துக்கு இவ்வளவு கோபமா என்பீர்கள். 1779-இல் வாஷிங்டனின் ஆணைப்படி படைத்தளபதி சல்லிவன் ஹோடெனோஷோனிகளின் நாட்டுக்குள் போன வழியில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஊர்கள் எரிந்தன. விளைந்து நின்ற சோளம், அவரை, பூசணி, பழ மரங்கள் எதையும் விடவில்லை. கூட்டமாக அலைந்தவர்களுக்கு ஏது ஐயா பழத்தோட்டம்? 1790-இல் செனகாத் தலைவர் கார்ன்பிளாண்டர் வாஷிங்டனிடமே சொன்னார், அவருக்கு வைத்த 'ஊரை அழிப்பவர்' என்ற பெயரைக் கேட்டால் இன்றும் எங்கள் பெண்கள் திரும்பிப் பார்த்து வெளிறிப்போகிறார்கள், பிள்ளைகள் தாயின் கழுத்தைக் கட்டிக்கொள்கிறார்கள் என்று. சல்லிவன் வந்துபோய்ச் சரியாக நூறு வருஷம் கழித்து, 1879-இல், பென்சில்வேனியாவின் கார்லைலில் உறைவிடப் பள்ளி திறந்து பூர்வகுடிப் பிள்ளைகளின் முடியை வெட்டினார்கள். வீட்டை எரிப்பதற்கும் பிள்ளையைப் பிரிப்பதற்கும் முன்னால், அங்கே குடும்பம் இருந்ததில்லை என்று யாராவது எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம். 'செவ்விந்தியர்' என்பதை இனி பூர்வகுடிகள் என்றோ, செனகா, மொஹாக் என்று அவரவர் பெயராலோ எழுதச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பு நூல் என்றால் மூல நூலின் பெயரையும் மொழிபெயர்த்தவர் பெயரையும் விலைக்குப் பக்கத்தில் போடுங்கள்.

கடிதத்தை வெட்டுவதானால் அத்தையைப் பற்றிய வரிகளை மட்டும் விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியை,
மன்னார்குடி.
(பெயர் தங்களிடம் சந்தாப் பதிவேட்டில் இருக்கிறது. அங்கே சரியாகத்தான் இருக்கிறது.)