நூடுல்ஸுக்கும் ஒரு இலை போடுங்கள்

கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை, திருவாரூர், மன்னார்குடி வட்டார ஃபாஸ்ட் ஃபுட் கடை முதலாளிகளுக்கும் மாஸ்டர்களுக்கும்,

வணக்கம். சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு உங்கள் கடைக்கு வந்து, "அண்ணே, ஒரு ஹாஃப் எக் நூடுல்ஸ்" என்று சொல்லிவிட்டு அடுப்புக்கு நேரே நின்று வேடிக்கை பார்க்கிற கூட்டத்தில் நானும் ஒருவன். சாஸைக் குறையுங்கள், அஜினோமோட்டோவை நிறுத்துங்கள் என்று பாடம் எடுக்க இந்த மடல் இல்லை. அதற்கு வீட்டில் ஆள் இருக்கிறார்கள். நான் கேட்பது ஒன்றுதான். தட்டின் மேல் விரிக்கிறீர்களே, அந்த மெல்லிய பிளாஸ்டிக் தாள், அதை எடுத்துவிட்டு வாழை இலை போடுங்கள்.

உங்கள் கைவேலையைக் குறைத்துப் பேசவில்லை. ஹக்கா நூடுல்ஸில் ஒளித்து வைக்க எதுவுமே கிடையாது. குழம்பு இல்லை, கிரேவி இல்லை. வேகவைத்து வடித்து எண்ணெய் பிசிறி வைத்த நூடுல்ஸ், நீளவாக்கில் அரிந்த கோஸும் கேரட்டும் குடைமிளகாயும், உப்பு, வெள்ளை மிளகுத்தூள், கொஞ்சம் வினிகர், சோயா சாஸ். அவ்வளவுதான். மீதி முழுக்கச் சட்டியின் சூடும் மாஸ்டரின் மணிக்கட்டும். சாஸை நடுவில் கொட்டாமல் சட்டி ஓரமாகச் சுற்றி விடுகிறவரை நான் கவனித்திருக்கிறேன். காய்ந்த இரும்பில் பட்டு அது சுர்ரென்று பொங்கும்போது எழும் வாசனை தெருமுனைவரை போய் ஆளை இழுத்து வரும். கரண்டியால் குத்தாமல் சட்டியைத் தூக்கிப் புரட்டுவார், இழை உடையாது. கூட்டம் நெருக்கினாலும் ஒரே சட்டியில் நாலு பிளேட்டைத் திணிக்க மாட்டேன் என்கிற மாஸ்டர்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு. திணித்தால் சட்டி ஆறிவிடும், காய் தண்ணீர் விட்டுவிடும், வறுவல் அவியலாகிவிடும். இது உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்?

இவ்வளவு பக்குவம் பார்த்து இறக்கிய பண்டம் அடுத்த நொடி எங்கே விழுகிறது? பாலித்தீனில். எண்ணெய்ச் சூட்டில் தாள் சுருங்கித் தட்டோடு ஒட்டுகிறது. ஃபோர்க்கைச் சுழற்றினால் இழையோடு சேர்ந்து தாளும் கிளம்புகிறது. வெளிச்சம் குறைவான கடை என்றால் வாயில் போன பிறகுதான் தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், பல கடைகளில் பக்கத்துக் கல்லில் பரோட்டா ஓடுகிறது. பரோட்டா கேட்டவருக்கு இலை நறுக்கு வருகிறது. சால்னா ஊற்றினாலும் ஒழுகாமல் தாங்குகிறது. அதே பெஞ்சில் உட்கார்ந்து நூடுல்ஸ் கேட்டவருக்கு பிளாஸ்டிக். ஒரே கடை, ஒரே முதலாளி, ஒரே கல்லா. கேட்டால், "நூடுல்ஸுக்கு யாருங்க இலை போடுவாங்க?" என்கிறார்கள். சைனாக்காரன் சாப்பாட்டுக்கு வாழை இலை பொருந்தாது என்று ஒரு நினைப்பு.

சரி, அந்தச் சைனாக்காரர்கள் யார் என்று பார்ப்போமே. தென்சீனத்திலிருந்து வந்து கல்கத்தாவில் குடியேறிய ஹக்கா மக்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் அச்சு என்ற சீன வணிகர் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் நிலம் பெற்று, கல்கத்தாவுக்குத் தெற்கே ஹூக்ளி ஆற்றங்கரையில் கரும்பு போட்டு சர்க்கரை ஆலை நடத்தினார். அந்த ஊர் இன்றும் அச்சிப்பூர்தான். பின்னால் வந்த ஹக்கா குடும்பங்கள் கல்கத்தாவின் தாங்ரா பகுதியில் தோல் பதனிட்டார்கள். தோல் ஆலைகள் நகரத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, அங்கே பல பதனிடும் கூடங்கள் ஓட்டல்களாக மாறின. அவர்களுடைய சமையல் நம் நாட்டுப் பச்சை மிளகாயையும் இஞ்சி பூண்டையும் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராக இறங்கி, கடைசியில் காவிரிக் கரை வரை வந்துவிட்டது. போன இடத்துச் சரக்கை எடுத்துக்கொண்டே வளர்ந்த பண்டம் அது. அதற்கு நம் ஊர் இலை மட்டும் ஆகாதாமா?

உங்கள் கஷ்டம் புரியாமல் இல்லை. தாள் போட்டால் தட்டுக் கழுவ வேண்டாம். தள்ளுவண்டிக்குத் தண்ணீர்க் குழாய் கிடையாது, கழுவ ஆள் கிடையாது. ஆனால் இலை போட்டாலும் அதே வசதிதானே? சுருட்டிப் போட்டுவிட்டுத் தட்டைத் துடைத்து அடுத்த இலையை வைக்க வேண்டியதுதான். கல்யாணப் பந்திக்குப் போகிற நுனி இலையை நான் கேட்கவில்லை. திருவையாறு பக்கமிருந்து வரும் இலைக்கட்டுகளில் காற்றில் கிழிந்தது, நுனியில்லாத ஏடு என்று விலை குறைவாகவே கிடைக்கும்; ஒரு தட்டு அகலத்துக்கு அது போதும். ஃபோர்க் குத்தினால் இலை கிழியும் என்பது உண்மை. ஸ்பூன் கொடுங்கள், இல்லை கையால் சாப்பிடுகிறோம். டெல்டாக்காரனுக்குக் கையால் சாப்பிடக் கற்றுத் தர வேண்டுமா என்ன.

அப்புறம், சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும், உணவு கட்டும் தாளும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. அதிகாரிகள் வந்தால் கட்டைத் தூக்கிப் போவார்கள், அபராதம் போடுவார்கள், மறுநாள் புதுக் கட்டு வரும். இந்தக் கண்ணாமூச்சியில் யாருக்கும் லாபமில்லை. ராத்திரி குப்பைக் கூடை நிரம்பி வழிந்தால் தாள் எங்கே போகிறது என்பது நமக்குத் தெரியும்: சாக்கடை, அங்கிருந்து வாய்க்கால். ஜூன் 12இல் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்ததும், தூர் வாரிய வாய்க்காலில்கூட மதகு ஷட்டரில் வந்து அப்பிக்கொள்வது சேறு மட்டுமல்ல. கடைமடையில் குறுவைக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று வரப்பில் நிற்கிறவரின் பையன்தான் உங்கள் கடையில் நூடுல்ஸ் கேட்டு நிற்கிறான். இலையைப் போட்டால் மாடு தின்னும், இல்லையென்றால் மட்கும்.

முகூர்த்த மாதங்களில் இலை விலை ஏறும், தெரியும். அப்போது பிளேட்டுக்கு இரண்டு ரூபாய் கூட வாங்கிக்கொள்ளுங்கள். போர்டில் எழுதி வைத்துவிட்டால் யாரும் சண்டை போட மாட்டார்கள். பார்சலுக்கு டப்பா கொண்டு வருகிறவர்களிடம் "அளவு தெரியாது" என்று திருப்பி அனுப்பாமல் வாங்கிப் போடுங்கள். அடுத்த வாரத்திலிருந்து நான் கடைக்கு வந்தால் ஆர்டர் சொல்லும்போதே இலையும் கேட்பேன். இல்லை என்றால் பக்கத்துப் பரோட்டாக் கல்லிலிருந்து ஒன்று எடுத்து வைத்துக் கொடுங்கள், போதும்.

இப்படிக்கு,
உங்கள் கடை வாடிக்கையாளன்,
கும்பகோணம்